தபாலில் போன நாவல்: லூயி எமோனும் அவரது பதிப்பாளர்களும்

மொன்றியலில் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போய் வளர்ந்த எமது பிள்ளைகளில் பலருக்கு மரியா சப்டிலேன் என்ற பெயர் தெரியும். கியூபெக்கின் நாவல்களில் உலகெங்கும் அதிகம் அறியப்பட்டது அதுதான். பெற்றோர்களாகிய எங்களில் அதை எழுதியவரைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. அவரும் எங்களைப் போல வெளியே இருந்து வந்தவர். இந்த நகரத்தில் கிடைத்த வேலையைச் செய்து, எழுதியதைத் தபாலில் அனுப்பிவிட்டுப் போனவர். அது புத்தகமாக வந்ததை அவர் பார்க்கவில்லை.

லூயி எமோன் 1880 ஒக்ரோபரில் பிரான்சின் பிரெஸ்ற் நகரில் பிறந்தார். தந்தை பெலிக்ஸ் எமோன் கல்வித்துறையில் உயர் பதவி வகித்தவர், தாமும் நூல்கள் எழுதியவர். மகன் பரிசில் சட்டம் படித்தார், கீழைத்தேய மொழிகள் பயிலும் கல்லூரியில் வியற்நாமிய மொழியும் கற்றார். அரசாங்க உத்தியோகம் அவருக்காகக் காத்திருந்தது. படித்த பிள்ளை, நல்ல உத்தியோகம், குடும்ப கௌரவம் என்ற கணக்கு எங்கள் வீடுகளுக்கும் புதிதல்ல. எமோன் அந்தக் கணக்கை உதறிவிட்டு லண்டன் போய், அங்கே சுமார் எட்டு ஆண்டுகள் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் பரிசின் விளையாட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கதையும் எழுதினார்.

பதிப்புலகம் அவருக்கு இலேசில் திறக்கவில்லை. 1908இல் பரிசின் பெரிய நாளேடான லு தோம் அவரது நெடுங்கதை ஒன்றைத் தொடராக வெளியிட்டது. அதற்குப் பிறகு லண்டன் வாழ்வை வைத்து எழுதிய நாவல்கள் எதுவும் அவர் உயிரோடு இருந்தபோது புத்தகமாகவில்லை. கையெழுத்துப் பிரதிகள் பெட்டிக்குள் சேர்ந்தன. 1909இல் ஒரு மகள் பிறந்தாள். பிள்ளையின் தாய் மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1911 ஒக்ரோபரில் எமோன் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்.

முதல் குளிர்காலம் மொன்றியலில் கழிந்தது. இரு மொழியும் தெரிந்ததால் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் சுருக்கெழுத்தாளர் வேலை கிடைத்தது. லா பிரெஸ் பத்திரிகையில் புனைபெயரில் விளையாட்டுக் கட்டுரைகளும் எழுதினார். 1912 கோடையில் வேலையை விட்டுவிட்டு வடக்கே சன் ஜோன் ஏரிப் பக்கம் போனார். பெரிபொங்கா என்ற சிற்றூரில் ஒரு விவசாயி வீட்டில் சாப்பாடும் தங்குமிடமும் போக மாதம் எட்டு டொலர் கூலிக்கு வேலை செய்தார். காடு வெட்டி நிலமாக்கும் அந்த மனிதரின் பேச்சையும் பழக்கங்களையும் உற்றுக் கவனித்தார்.

அங்கே உருவானதுதான் மரியா சப்டிலேன். காட்டோரத்தில் வாழும் ஒரு பெண்ணை மூவர் விரும்புகிறார்கள். அவள் மனம் நாடியவன் பனியில் வழிதவறி இறந்துபோகிறான். மற்றொருவன் அமெரிக்க நகர வாழ்க்கைக்கு அழைக்கிறான். மூன்றாமவன் அயலில் உள்ள விவசாயி. தாய் இறந்த பிறகு அவள் அந்த மண்ணிலேயே இருப்பது என்று முடிவு செய்கிறாள். போவதா இருப்பதா என்ற கேள்வியை எங்களை விட நன்றாக அறிந்தவர்கள் யார்? எங்கும் நிலைகொள்ளாத ஒருவர், மண்ணை விட்டுப் போகாத ஒருத்தியின் கதையை எழுதினார்.

1913 வசந்தத்தில் மொன்றியலுக்குத் திரும்பி, அலுவலக வேலை பார்த்துக்கொண்டே நாவலைத் தாமே தட்டச்சு செய்தார். ஜூன் இறுதியில் ஒரு பிரதியை லு தோம் பத்திரிகைக்கும் இன்னொன்றைத் தந்தைக்கும் தபாலில் அனுப்பினார். பிறகு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். 1913 ஜூலை 8ஆம் திகதி, ஒன்ராறியோவின் சப்லோ என்ற ஊருக்கு அருகே, தண்டவாளத்தில் தோழர் ஒருவருடன் நடந்துபோனபோது புகையிரதம் மோதி இருவரும் இறந்தார்கள். எமோனுக்கு 32 வயது. சப்லோவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அப்போது பரிசில் அவர் பெயர் சொல்ல ஒரு புத்தகம்கூட இல்லை.

1914 ஜனவரி பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை லு தோம் அந்த நாவலைத் தொடராக வெளியிட்டது. பத்திரிகைத் தொடர் நாளைக்குப் பழைய கடதாசி. போரும் வந்தது. கதை அத்தோடு முடிந்திருக்கலாம். அதைத் தடுத்தவர் கனடாவில் வாழ்ந்த லூவினி து மொந்தினி. அவர் மொன்றியலின் இலக்கிய வட்டம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர், எழுத்தாளரின் உரிமைக்காக வாதாடியவர். பிரான்சின் கதைகளை இங்குள்ள பத்திரிகைகள் கேட்காமலும் காசு கொடுக்காமலும் மறுபிரசுரம் செய்வது அந்நாளில் சாதாரணம். அதை எதிர்த்துப் போராடிய மொந்தினி, எமோனின் நாவலிலும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. இறந்தவரின் தந்தைக்கு எழுதி, அனுமதி பெற்று, 1916இல் மொன்றியலில் லெபேவர் என்ற பதிப்பாளர் மூலம் நூலாகக் கொண்டுவந்தார். சுசோர் கோத்தே என்ற புகழ்பெற்ற ஓவியர் படங்கள் வரைந்தார். முதல் புத்தகம் தாய்நாட்டில் வரவில்லை, வந்து சேர்ந்த நாட்டில் வந்தது.

பெரும் புகழ் 1921இல் வந்தது. பரிசின் பேர்னார் கிராசே, புத்தகத்தை எப்படி விற்பது என்பதை நன்கறிந்த பதிப்பாளர். தம் புதிய நூல்வரிசையின் முதல் நூலாக மரியா சப்டிலேனை வெளியிட்டு, அதுவரை காணாத அளவுக்கு விளம்பரம் செய்தார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. பல மொழிகளுக்குப் போனது. 1934 தொடங்கி 2021 வரை நான்கு முறை திரைப்படமாகியது.

அந்த விற்பனைக்கு ஒரு விலையும் இருந்தது. பக்தியும் மண்பற்றும் நிறைந்த ஒரு கதையின் ஆசிரியர் என்ற பிம்பம் எமோனுக்கு ஒட்டிக்கொண்டது. லண்டனில் பெண்களை ஏமாற்றித் திரியும் ஒருவனைப் பற்றிய அவரது நாவல் அந்தப் பிம்பத்துக்குப் பொருந்தவில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1925இலேயே வந்துவிட்டது. பிரெஞ்சு மூலத்தைக் கிராசே வெளியிட்டது 1950இல்தான். மரியா சப்டிலேனின் வசனங்களிலும் அச்சுக்கு அச்சு பிறர் கை பட்டது. எமோன் தட்டச்சு செய்தபடியே அமைந்த பாடத்தை நிக்கோல் தெஷான் என்ற பேராசிரியை 1980இல் மொன்றியலில் வெளியிட்டார். எழுதியவரின் சொல் அவர் வைத்தபடி வாசகரிடம் வர 67 ஆண்டுகள் சென்றன. அனுப்பிய பிரதிகள் காப்பாற்றப்பட்டிராவிட்டால் அதுவும் நடந்திராது.

அவரது மகளை எமோனின் சகோதரி மரி பிரான்சுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தந்தையின் எழுத்துரிமை பின்னர் அந்த மகளுக்கே வந்தது. இதைச் சிறு விடயமாக நாம் நினைக்கக் கூடாது. எமோனின் நாவல் பரிசில் விற்றுத் தீர்ந்த அதே 1921இல்தான் சென்னையில் பாரதி வறுமையில் கண்மூடினார். தம் எழுத்தை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று 1920இல் திட்டமிட்டவர் அவர். அந்தத் திட்டம் திட்டமாகவே நின்றது. அவருக்குப் பிறகு உரிமை கைமாறிக் கைமாறிப் போய், 1949இல் அரசு வாங்கிய பின்னரே எல்லோருக்கும் பொதுவாகியது.

எமது வீடுகளுக்கு வருவோம். ஊரில் எழுதியவர்களும் இங்கு வந்து தொழிற்சாலை வேலை முடிந்து இரவில் எழுதியவர்களும் எம் மத்தியில் பலர். அவர்களில் எத்தனையோ பேர் சேமிப்பை எடுத்துச் சென்னையில் அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, மிச்சப் பிரதிகளை நிலவறையில் அடுக்கியவர்கள். ஒப்பந்தம் என்ற ஒரு தாள் இல்லாமலே பிரதியைக் கொடுத்தவர்களும் உண்டு. எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது, அடுத்த பதிப்புக்கு யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் மனவருத்தம் வரும் என்று கேட்காமலே இருந்துவிட்டார்கள். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அப்பாவின் கொப்பிகள் வீடு மாறும்போது எறியவேண்டிய கடதாசிகளாகிவிடும்.

எமோனின் எழுத்தைக் காப்பாற்றியவை மிகச் சாதாரணமான காரியங்கள். பிரதிகள் இரண்டு இடங்களில் இருந்தன. குடும்பம் பெட்டியை எறியவில்லை. அச்சிட விரும்பியவர் உரியவரிடம் கேட்டார். இந்த மூன்றையும் நாமும் செய்யலாம். வீட்டில் உள்ள கொப்பிகளை, கடிதங்களை, பத்திரிகை நறுக்குகளை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வைப்போம். பதிப்பாளரிடம் கொடுக்குமுன் பிரதி எண்ணிக்கை, உரிமை, திருத்தம் செய்யும் அதிகாரம் ஆகியவற்றை ஒரு தாளிலாவது எழுதி இருவரும் ஒப்பமிடுவோம். எழுதியவர் மறைந்த பிறகும் 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பது இன்று கனடாவின் சட்டம். எனவே பிள்ளைகளுக்கு அந்த எழுத்து யாருடையது என்பதைச் சொல்லி வைப்போம்.

மொன்றியலில் லூயி எமோன் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. பெரிபொங்காவில் அருங்காட்சியகம் இருக்கிறது. வந்தேறி ஒருவரின் நாவலைத் தன் நாவலாக எடுத்துக்கொண்டது இந்த மண். எங்கள் எழுத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதுவரை அதை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.