கணிப்பொறியில் தமிழ் வளர்த்த நா. கோவிந்தசாமி

நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரை நாம் அனைவரும் அறிவோம். ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் பிரித்தறிய இயலாமல் மயங்கிக் கிடந்தன. படிப்பவர் தடுமாறாதிருக்க, அவற்றை வேறுபடுத்தி எழுத வழிவகுத்தார் அம்முனிவர். சுமார் 250 ஆண்டுகளுக்குப் பின் கணிப்பொறியிலும் தமிழ் எழுத்துக்கு ஓர் இடர் நேர்ந்தது. அதை நீக்கப் பாடுபட்ட முன்னோடிகளுள் ஒருவர் நா. கோவிந்தசாமி.

இவர் 1946ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். சிறுகதைகளும் நாவலும் எழுதிப் புகழ்பெற்றார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது இவரைத் தேடி வந்தது.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரவேண்டும். அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி எண்களைத் தந்தனர். விண்டோஸ், மக்கின்டாஷ், யூனிக்ஸ் என இயங்குமுறைகளும் பலவாக இருந்தன. ஒன்றுக்கெனச் செய்த மென்பொருளை மற்றொன்றுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத சென்னைக் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறித் தோன்றும். இப்படியே விட்டிருந்தால் இணையத்தில் தமிழருக்குத் தமிழே அயல்மொழி ஆகியிருக்கும் அல்லவா?

கோவிந்தசாமி விசைப்பலகை முறையும் எழுத்துருவும் உருவாக்கி, சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் நினைவாகக் ‘கணியன்’ எனப் பெயரிட்டார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக அறிஞர்களுடன் இணைந்து உழைத்தார். அதன் பயனாக 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார்.

எனினும் ஒருவர் மட்டும் முயன்றால் போதாது. எல்லோரும் ஒரே முறைக்கு உடன்பட வேண்டும். அதற்காக 1997 மே மாதம் சிங்கப்பூரில் பன்னாட்டு அறிஞர்கள் கூடிய தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ என்னும் பொது விசைப்பலகை கிடைத்தது. அதே ஆண்டு மே 26ஆம் நாள், தம் 53ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

பின்னர் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி பரவியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. இன்று அரியலூரிலோ பெரம்பலூரிலோ எழுதும் கடிதம் சிங்கப்பூரில் எழுத்துப் பிசகாமல் தெரிகிறது. அக்காட்சியை முழுமையாகக் காண அவருக்கு ஆயுள் கிட்டவில்லை.

ஓலையில் ஒருவர், கணிப்பொறியில் மற்றவர். இருவரும் படிப்பவரின் துன்பத்தை எண்ணியே உழைத்தனர். தோழியரே, நாமும் கற்ற கல்வியைப் பிறர் பயனுறத் தருவோமாக!