ஆலைக்குப் போன கணக்கு வாத்தியார்

‘ஸ்டூடண்ட்’ஸ் டி-டெஸ்ட்’ போட்டு மார்க் வாங்கிய நம்மில் பலருக்கு அந்த ‘ஸ்டூடண்ட்’ யாரென்று தெரியாது. அவர் வில்லியம் சீலி காசெட் (1876–1937). ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தவர், 1899-இல் டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார். பார்லியைச் சோதிக்க அங்கே கிடைத்ததோ நாலைந்து சாம்பிள். புத்தகக் கணக்குக்கோ ஏராளமாய் வேணும். (எங்க ஃபேக்டரியிலும் பத்து பீஸை உடைச்சுப் பார்க்கணும்னா புரொடக்‌ஷன்காரர் முறைப்பார்!) பயிற்சிக்குக் கிளம்பும் மேத்ஸ் தம்பி தங்கைகள் கவனிக்கணும்: கேள்வியைக் கொடுத்தது வகுப்பறை அல்ல, ஆலை. அந்தக் கேள்வியோடுதான் 1906-இல் லண்டனில் கார்ல் பியர்சனிடம் படிக்கப் போனார். 1908-இல் விடை அச்சேறியது. சொந்தப் பெயரில் வெளியிட கம்பெனி சம்மதிக்காததால் புனைபெயர். பேராசிரியர் ஆகவில்லை, 1935-இல் லண்டனில் கின்னஸின் புது ஆலைப் பொறுப்பை ஏற்று, இரண்டே வருஷத்தில் காலமானார்.