வரியும் ஒலியும்: டாஃப்னி ஓரம் அம்மையார்

மின்னணு இசையின் தோற்றத்தை எழுதுவோர் பாரிசின் பியேர் ஷேஃபரையும் கொலோன் நகரின் ஸ்டாக்ஹவுசனையும் தவறாமல் குறிப்பர். இங்கிலாந்துக்கு வரும்போது பி.பி.சி. வானொலியின் ஒலிப் பட்டறையை ஒரு வரியிற் சுட்டிவிட்டு மேலே செல்வர். அப்பட்டறை தோன்றுவதற்காகப் பல ஆண்டுகள் வாதாடிய பெண்மணியோ நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தார். டாஃப்னி ஓரம் என்பது அவர் பெயர். ஓரம் என்ற குடும்பப் பெயர் தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தந்து, வரலாற்றில் அவர் நிறுத்தப்பட்ட இடத்தையும் காட்டிவிடுவது தற்செயலே.

அம்மையார் 1925 டிசம்பர் 31 அன்று வில்ட்ஷயர் பகுதியிலுள்ள டிவைசஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பியானோவும் ஆர்கனும் பயின்றார். 1942இல் லண்டன் ராயல் இசைக் கல்லூரி இடமளிக்க முன்வந்தபோது அதனை ஏற்காது, பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இளநிலைப் பணியில் அமர்ந்தார். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராயல் ஆல்பர்ட் அரங்கில் இசைக்குழு வாசிக்க, அதே இசையின் இசைத்தட்டை அதனோடு இம்மியும் பிசகாமல் இணையாக ஓட்டிக்கொண்டிருப்பது அவர் கடமைகளுள் ஒன்று. குண்டுவீச்சால் கச்சேரி தடைப்படுமானால், கேட்போர் அறியாதவாறு இசைத்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மேடையில் நிகழும் இசையும் கைக்கருகே சுழலும் இசையும் ஒருங்கே அவர் காதில் விழுந்த அந்நாள்களிலேயே அவருடைய பிற்காலக் கற்பனைக்கு வித்து விழுந்தது என்பது என் கருத்து.

1949இல், இருபத்துமூன்றாம் வயதில், 'ஸ்டில் பாயின்ட்' என்ற படைப்பை எழுதி முடித்தார். இரண்டு இசைக்குழுக்கள், முன்னரே பதிவான இசைத்தட்டுகள், ஒலிவாங்கிகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, இசை ஒலிக்கும்போதே அதனை மின்கருவிகளால் மாற்றியமைக்கும் திட்டம் அது. பி.பி.சி. அதனை ஏற்கவில்லை. ஓசையின்றி அது காகிதத்திலேயே தங்கியது. எழுதிய கவிதை பேழைக்குள்ளேயே கிடப்பதன் வேதனையை நம் மன்றத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் கவிதையை எழுதியவர் தமக்குள்ளேனும் படித்துக்கொள்ளலாம். இரண்டு இசைக்குழுக்களுக்கு எழுதியவர் என்ன செய்வார்?

பாரிஸ் ஒலிக்கூடத்தைக் கண்டு திரும்பியபின், அத்தகைய கூடம் லண்டனிலும் வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் ஓயாது வலியுறுத்தினார். மறுமொழிக்காகக் காத்திருக்கவும் இல்லை. இரவில் பணி ஓய்ந்தபின் பல கூடங்களிலிருந்த ஒலிப்பதிவுக் கருவிகளை ஓரிடத்திற் கூட்டி வைத்து, விடியும்வரை ஒலிநாடாக்களை வெட்டியும் ஒட்டியும் இசை செய்வார். காலையில் அவை பழைய இடங்களில் இருக்கும். இவ்வுழைப்பின் பயனாக 1957இல் 'ஆம்ஃபிட்ரியன் 38' என்னும் நாடகத்துக்கு முழுவதும் மின்னணு ஒலியாலான இசையை அமைத்தார். பி.பி.சி. வரலாற்றில் அதுவே முதல். மறு ஆண்டு, டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் அவரும் முன்னிற்க ஒலிப் பட்டறை தொடங்கப்பெற்றது.

வென்றார் என்று எழுதத் தோன்றும். ஆனால் பட்டறைக்கு இடப்பட்ட வேலை நாடகங்களுக்கு வேண்டிய ஒலிகளைச் செய்து தருவதே. அங்கிருந்தோர் இசையமைப்பாளர் என மதிக்கப்படவில்லை. 1958 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த இசை விழாவுக்குச் சென்று, ஐரோப்பியக் கலைஞர்கள் அதே கருவிகளால் எத்துணை தூரம் சென்றுவிட்டனர் என்பதைக் கேட்டறிந்தார். 1959 தொடக்கத்திற் பணியைத் துறந்தார். அவருக்குப்பின் 1962இல் அங்குச் சேர்ந்த டீலியா டெர்பிஷயர், 'டாக்டர் ஹூ' தொடரின் புகழ்பெற்ற முகப்பிசைக்கு ஒலிவடிவம் தந்தும், அத்தொடரின் திரையில் அவர் பெயர் தோன்ற 2013 ஆயிற்று. ஓரம் அம்மையார் முன்கூட்டியே கண்டுகொண்டார் போலும்.

கென்ட் பகுதியில், ஹாப் பூக்களை உலர்த்துவதற்கெனக் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்றை வீடாகவும் கலைக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டு தனியே உழைக்கலானார். விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஒலி செய்து வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. 1961இல் வந்த 'தி இன்னசன்ட்ஸ்' படத்தின் அச்சுறுத்தும் மின்னொலிகள் அவர் கைவண்ணம். படத்திற் பெயர் இல்லை. 1962இலும் 1965இலும் குல்பென்கியன் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது. அதைக் கொண்டு 'ஓரமிக்ஸ்' எனத் தம் பெயரையே இட்ட கருவியை உருவாக்கினார்.

இலக்கண மாணவர்க்கு ஒலிவடிவு, வரிவடிவு என்ற பாகுபாடு பழக்கமானது. ஒலி முன்னது, அதனைக் குறிக்க வந்தது வரி. ஓரமிக்ஸ் இவ்வுறவைத் தலைகீழாக்கிற்று. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்து வெற்றுப் படச்சுருள்கள் அருகருகே ஓடும். அவற்றின்மேல் அம்மையார் மையால் தீட்டுவார். ஒளி அதனூடே சென்று ஒளிமின்கலங்களில் விழும். தீட்டிய இடத்தில் தடைப்படும். அவ்வேறுபாடு சுருதியையும் வன்மையையும் அசைவையும் ஆளும். ஒலியின் நிறத்தை நிர்ணயிக்கும் அலைவடிவங்களைக் கண்ணாடித் தகடுகளில் வரைந்து கொடுப்பார். இங்கே வரியே முதல். அதிலிருந்து பிறப்பது ஒலி. பாடகர், வாத்தியம், இசைக்குழு என எவர் தயவுமின்றி, எழுதிய கையே இசைத்தும் விடுகிறது.

கருவியைச் செம்மை செய்வதிலேயே படைப்பின் காலம் கரைந்துவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. முற்றும் மறுத்தற்கியலாது, அதில் முழுமையுற்ற படைப்புகள் சிலவே. எனினும் 1949இல் பிறர் வாசிக்க மறுத்ததால் ஊமையான ஒருவர், பிறர் வாசிக்கத் தேவையற்ற கருவியொன்றைத் தேடியது வியப்பன்று. 1972இல் வெளியான 'அன் இண்டிவிஜுவல் நோட்' என்ற நூலில் மின்சுற்றுகளின் மொழியாலேயே மனித மனத்தையும் படைப்பையும் ஆராய்கிறார். பொறியியல் நூலென்று கையிலெடுப்போர் தத்துவ நூலொன்றைக் காண்பர்.

1980களில் ஓரமிக்ஸ் முறையைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர முயன்றார். 1990களிற் பக்கவாதம் தாக்கி அம்முயற்சியை நிறுத்திற்று. 2003 ஜனவரி 5 அன்று மறைந்தார். அவருடைய தாள்களும் ஒலிநாடாக்களும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டன. 2011இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் ஓரமிக்ஸ் கருவியைக் காட்சிக்கு வைத்தது. அது இயங்கும் நிலையில் இல்லை.

'ஸ்டில் பாயின்ட்' முதன்முதலாக ஒலித்தது 2016இல். மேலும் கிடைத்த தாள்களைக் கொண்டு ஷிவா ஃபெஷரெக்கி, ஜேம்ஸ் புல்லி ஆகியோர் திருத்தியமைத்த வடிவம் 2018 ஜூலை 23 அன்று பி.பி.சி.யின் இசை விழாவிலேயே ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிகழ்ந்தது. இசைத்தட்டுகளை ஃபெஷரெக்கியே மேடையில் அமர்ந்து இயக்கினார்.