ஜான் பென்னிகுவிக்

ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் புனேயில் பிறந்தார். இராணுவ அதிகாரியான இவரது தந்தை 1849ஆம் ஆண்டு சில்லியன்வாலாப் போரில் இறந்தார். அடிசுகோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்ற பென்னிகுவிக், சென்னை மாகாணத்தில் பொறியாளராகப் பணியாற்றினார்.

அணைக் கட்டுமானம்

மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து, வறட்சியால் வாடிய வைகைப் படுகைக்குத் திருப்புவதே திட்டத்தின் நோக்கமாகும். 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் பணி தொடங்கியது. ஆற்று நீரைத் தடுக்க எழுப்பிய தற்காலிக அணைகள் பலமுறை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மலேரியா முதலிய நோய்களால் தொழிலாளர் பலர் இறந்தனர். 1895இல் அணை திறக்கப்பட்டது.

அணை தாங்கும் விசைகள்

இது தன் எடையாலேயே நிலைத்து நிற்கும் ஈர்ப்பு அணையாகும். ஆற்றுப் படுகையிலிருந்து இதன் உயரம் 155 அடி. நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்பக் கூடும்; 40 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 40 டன் ஆகும். அவ்வளவு ஆழ நீர், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 800 டன் விசையுடன் தள்ளும். அணை சறுக்காமலும் கவிழாமலும் இருக்கவே, அடிப்பகுதி உச்சியைக் காட்டிலும் பன்மடங்கு அகலமாக அமைக்கப்பட்டது. உட்பகுதி சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது.

அடித்தளத்தில் கசியும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்கும். இவ்விசையின் முக்கியத்துவம், 1895இல் பிரான்சின் பூசே அணை உடைந்த பின்னரே பரவலாக உணரப்பட்டது. எனவே அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட அணைகளை மறு ஆய்வு செய்வது தேவையாயிற்று. 1979இல் முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் உச்சியில் கற்காரைப் பளு ஏற்றியும், எஃகு வடங்களால் பாறையுடன் பிணைத்தும், பின்புறம் கற்காரைச் சுவர் சேர்த்தும் அணை வலுப்படுத்தப்பட்டது. பளு எடையைக் கூட்டுகிறது. வடங்கள் அணையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. அணையின் பாதுகாப்புக் குறித்துத் தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது.

நினைவு

தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் இவ்வணையால் பயன்பெறுகின்றன. தேனி மாவட்டம் லோயர் கேம்பில் 2013இல் இவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இவரது பிறந்த நாளில் பொங்கல் வைத்து வழிபடுவதும், குழந்தைகளுக்கு இவர் பெயரைச் சூட்டுவதும் குறிப்பிடத்தக்கன.