கடிகாரக் கடையில் ஓர் அர்ச்சிஷ்டர்

சிறுமலர் அர்ச். தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க வீடு நம்மில் இராது. ஆனால் அவளுடைய தகப்பனார் கடை வைத்துப் பிழைத்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லூயி மார்த்தேன் 1823-ம் வருஷம் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். இளமையில் கடிகார வேலை கற்றார். 22-ம் வயதில் ஆல்ப்ஸ் மலைமேலுள்ள அர்ச். பெர்நார்து மடத்துக் கதவைத் தட்டினார். லத்தீன் தெரியாதென்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து லத்தீன் படிக்கப் பிரயாசைப்பட்டார், கைகூடவில்லை. நினைத்தது நடக்கவில்லையே என்று மனங்கசந்து உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. 1850-ல் அலான்சோன் நகரில் கடிகாரக் கடை திறந்தார். பிறகு நகை வியாபாரமும் சேர்ந்தது.

சுற்றுப்புறக் கிராமத்தார் பட்டணத்துக்கு வந்து நகை வாங்குவது ஞாயிற்றுக்கிழமையில்தான். பக்கத்துக் கடைகள் திறந்திருக்கும். லூயியின் கடை பூட்டியிருக்கும். நஷ்டமாகுமே என்று சிநேகிதர்கள் புத்தி சொன்னார்கள். அவர் அசையவில்லை. ஆண்டவருடைய நாள் பூசைக்கும் குடும்பத்துக்கும் உரியது என்பது அவருடைய தீர்மானம்.

1858-ல் செலி அம்மாளை மணந்தார். அந்த அம்மாளும் கன்னியர் மடத்தை நாடி, ஏற்றுக்கொள்ளப்படாதவர். வீட்டிலிருந்தபடியே பெண்களுக்கு வேலை கொடுத்து, பேர்பெற்ற அலான்சோன் லேஸ் வியாபாரம் நடத்தி வந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள்; நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். லேஸ் வேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒருத்தி தாங்கக்கூடிய பாரமா? 1870-ல் லூயி தம் கடையை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மனைவியின் வியாபாரத்துக்குத் துணை நின்றார். கணக்கும் பிரயாணமும் அவர் பங்காயின. இருபது வருஷம் கட்டி வளர்த்த கடை அது. பெண்சாதியின் தொழிலுக்கு உதவுவது இழுக்கென்று அவர் எண்ணவில்லை.

1877-ல் செலி அம்மாள் மார்புப் புற்றுநோயால் இறந்தார். கடைசி மகள் தெரேசாவுக்கு வயது நாலு. லூயிக்கு 54 வயது. தமக்குப் பழகிய ஊரும் சிநேகிதரும் அலான்சோனில். ஆனால் தாயில்லாப் பிள்ளைகளைக் கவனிக்க மாமனும் மாமியும் இருந்தது லிசியே நகரில். லேஸ் தொழிலையும் விட்டு, ஐந்து பெண்களோடு லிசியேவுக்குக் குடிபோனார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மடம் சேர விடை கேட்டபோதும் அவர் தடுக்கவில்லை. 1888-ல் தெரேசாவும் போனாள். மறுவருஷம் புத்தி பேதலிக்கும் நோயால் கான் நகர ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். 1894-ல் மரித்தார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ், லூயிக்கும் செலி அம்மாளுக்கும் ஒரே நாளில் அர்ச்சிஷ்டர் பட்டம் அளித்தார். தம்பதிகளாகச் சேர்ந்து அப்பட்டம் பெற்றவர்களில் முதல்வர்கள் அவர்களே.

வாசகரே, லூயி தொழிலை வெறுத்தவர் அல்லர். நாணயமாய்ச் செய்து நன்றாகவே சம்பாதித்தவர். தொழில் குடும்பத்துக்காக, குடும்பம் சர்வேசுரனுக்காக என்ற வரிசையை மட்டும் அவர் மாற்றவில்லை. உங்கள் வீட்டில் அந்த வரிசை எப்படியிருக்கிறது? வருகிற ஞாயிறன்று கடைச் சாவியைக் கையில் எடுக்கும்போது, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.