டியூக் கஹானமோக்கு

டியூக் கஹானமோக்கு (ஆகஸ்ட் 24, 1890 – ஜனவரி 22, 1968) ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த நீச்சல் வீரர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் சார்பில் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றி 3 தங்கப் பதக்கங்களையும் 2 வெள்ளிப் பதக்கங்களையும் வென்றார். அலைச்சறுக்கு விளையாட்டை ஹவாய்க்கு வெளியே பரப்பியவர்களுள் முதன்மையானவராகவும் இவர் கருதப்படுகிறார்.

இளமை

கஹானமோக்கு ஹொனலுலு நகரில் பிறந்து வைக்கிக்கி கடற்கரையில் வளர்ந்தார். டியூக் என்பது பட்டமன்று. தந்தையிடமிருந்து வந்த பெயராகும். 1869 இல் ஹவாய்க்கு வருகை தந்த எடின்பரோ கோமகனின் நினைவாகத் தந்தைக்கு அப்பெயர் இடப்பட்டது. இவர் பிறந்தபோது ஹவாய் ஒரு தனி முடியாட்சியாக இருந்தது. 1893 இல் அரசி லில்லியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. எனவே, தம் மக்களின் அரசு மறைந்த பின்னர் இவர் அமெரிக்க வீரராகவே உலக அரங்கில் அறிமுகமானார்.

ஏற்கப்படாத சாதனை

ஆகஸ்ட் 11, 1911 அன்று ஹொனலுலு துறைமுக நீரில் நடைபெற்ற போட்டியில் 100 கெஜ தூரத்தை 55.4 விநாடிகளில் நீந்தினார். இது அன்றைய சாதனையை விட 4.6 விநாடிகள் குறைவாகும். பயிற்சியாளரோ நீச்சல் குளமோ இன்றி வளர்ந்த ஒருவரின் இந்நேரத்தை அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியம் நம்ப மறுத்தது. கடிகாரங்கள் பிழையானவை என்றும், கடல் நீரோட்டம் உதவியது என்றும் காரணங்கள் கூறப்பட்டன.

ஒலிம்பிக் போட்டிகள்

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அந்த ஐயம் நீங்கியது. அங்கு அமெரிக்க வீரர்கள் தவறான புரிதலால் அரையிறுதிக்கு வரத் தவறினர். அவர்களுக்கு மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டும் என ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி ஆதரவு தெரிவித்தார். இறுதிப் போட்டியில் கஹானமோக்கு 100 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 3.4 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார். ஹீலி வெள்ளி பெற்றார். ஹீலி 1918 இல் முதலாம் உலகப் போரில் பிரான்சில் உயிரிழந்தார்.

போரினால் 1916 ஒலிம்பிக் நடைபெறவில்லை. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், 30ஆவது வயதில், 100 மீட்டரிலும் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றார். ஒரு வீரரின் முறையீட்டால் 100 மீட்டர் இறுதிப் போட்டி மீண்டும் நடத்தப்பட்டபோதும் இவரே முதலிடம் பெற்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இளம் வீரர் ஜானி வைஸ்முல்லர் தங்கம் வெல்ல, இவர் வெள்ளியும் இவரது தம்பி சாமுவேல் வெண்கலமும் பெற்றனர்.

அலைச்சறுக்கு

1914 இன் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற கஹானமோக்கு, அங்கு கிடைத்த பைன் மரத்தில் பலகை செதுக்கி, சிட்னியின் பிரெஷ்வாட்டர் கடற்கரையில் அலைச்சறுக்கு செய்து காட்டினார். ஜூன் 14, 1925 அன்று கலிபோர்னியாவின் நியூபோர்ட் அருகே தெல்மா என்னும் படகு பேரலைகளில் கவிழ்ந்தது. இவர் தமது பலகையில் பலமுறை சென்று 8 பேரைக் கரை சேர்த்தார். இந்நிகழ்வு, கடற்கரை உயிர்காப்பில் அலைச்சறுக்குப் பலகையின் பயனை உணர்த்தியது.

பிற்காலம்

ஹாலிவுட் திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்தார். பின்னர் ஹொனலுலுவின் ஷெரிப்பாகப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு 1961 வரை பணியாற்றினார். 1965 இல் பன்னாட்டு நீச்சல் புகழவையில் இடம்பெற்றார். இவரது மறைவுக்குப் பின் அஸ்தி வைக்கிக்கி கடலில் தூவப்பட்டது. அக்கடற்கரையில் 1990 இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.