முதற்பூவைத் தேடிய ஆசிரியர்

காந்தியடிகள் போற்றிய அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோவைப் பெரியோர் அறிவர். அன்னார் பள்ளி ஆசிரியராகவும் விளங்கியதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

தோரோ 1817-இல் கான்கார்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். 1837-இல் அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். மாணவரை அடித்தே ஆகவேண்டும் என்று பள்ளிக் குழுவினர் ஒருவர் வற்புறுத்தவே, சிலரை அடித்துவிட்டு, அன்று மாலையே பதவியைத் துறந்தார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த ஆண்டு அது!

மறு ஆண்டு தாமே ஒரு பள்ளி தொடங்கினார். தமையனார் ஜானும் உடன் சேர்ந்தார். அங்கே பிரம்பு இல்லை. பிள்ளைகளைக் காட்டிற்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்றனர். ஒருநாள் தோரோ தரையோடு கிடந்த சிறு செடியொன்றை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே அதன் நுண்ணிய பூவை ஒரு மாணவனுக்குக் காட்டினாராம்.

1841-இல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும், எமர்சன் என்னும் அறிஞரின் பிள்ளைகள் முதலானோர் அவரோடு நடந்தனர். பறித்த செடிகளை வைக்கத் தம் தொப்பிக்குள்ளேயே ஒரு தட்டு அமைத்திருந்தார்!

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்ப்பதைக் காணும் நமக்கு அந்நாட்டு வசந்தம் புதுமையே. அங்குச் சதுப்பு நிலத்துச் செடியொன்று, தன் வெப்பத்தாலேயே பனியை உருக்கி, மற்றெவற்றிற்கும் முன்னே பூக்கும். இத்தகைய செடிகள் பலவற்றின் முதற்பூ நாளைத் தோரோ 1852 முதல் 1858 வரை குறித்து வைத்தார்.

1862 மே 6-ஆம் நாள், அவ்வூரில் பூக்கள் மலரும் வேளையில், காசநோயால் தம் 44-ஆம் வயதில் மறைந்தார். அக்குறிப்புகளோடு ஒப்பிட்ட அறிவியலார், வெப்பம் மிகுந்ததால் கான்கார்டுப் பூக்கள் சராசரி 7 நாள் முந்தியே மலர்வதாக 2008-இல் கண்டறிந்து வெளியிட்டனர்.